கள்ளச்சாவி இல்லாத புதிர்: கணினியை வைத்துச் சதுரங்கப் புதிர் புனைவது எப்படி

பலகைப் படம் ஒன்றைப் போட்டு, அதன் கீழே "வெள்ளை ஆடி இரண்டு நகர்வில் மேட்" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தீர்ப்பவர்கள் ஆயிரம் பேர் என்றால், அப்படி ஒன்றைப் புனைந்து பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அந்தப் பத்துப் பேருக்காக எழுதுகிறேன். சதுரங்கம் ஓரளவு ஆடத் தெரிந்தால் போதும். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

புதிரின் சட்டம் ஒன்றுதான். தீர்வின் முதல் நகர்வு ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். அதை ஆங்கிலத்தில் 'கீ' என்பார்கள். நாம் சாவி என்றே சொல்வோம். ஆசிரியர் நினைக்காத இன்னொரு நகர்வும் பூட்டைத் திறந்துவிட்டால் அது 'குக்'. எனக்குப் பிடித்த பெயர் கள்ளச்சாவி. கள்ளச்சாவி உள்ள புதிர் செல்லாக்காசு. எவ்வளவு அழகாக இருந்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள்.

கணினி வருவதற்கு முன் இந்தச் சோதனையைக் கையால்தான் செய்தார்கள். இரவு முழுவதும் பலகையோடு உட்கார்ந்து, நண்பர்களிடமும் கொடுத்துச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்புவார்கள். பிறகு எங்கோ ஒரு வாசகர் ஓட்டையைக் கண்டுபிடித்துக் கடிதம் போடுவார். 1951 நவம்பரில் டீட்ரிச் பிரின்ஸ் என்பவர் மான்செஸ்டரில் ஃபெராண்டி மார்க் 1 கணினியில் இரண்டு நகர்வுப் புதிர் ஒன்றைத் தீர்க்க வைத்தார். அதற்குச் சுமார் 15 நிமிடம் ஆனது. இன்று உங்கள் மேசைக் கணினிக்கு அந்த வேலை கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. ஆகவே கையால் மட்டும் சரிபார்த்து அனுப்பிவிட்டேன் என்று இன்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

முதல் படி: சரியான கருவி

புதியவர்கள் எல்லோரும் செய்யும் முதல் தவறு, ஸ்டாக்ஃபிஷ் போன்ற ஆட்ட இயந்திரத்தை எடுத்துக்கொள்வது. அது உலகிலேயே வலிமையான ஆட்டக்காரர்தான், ஆனால் இந்த வேலைக்குத் தோதான ஆள் அல்ல. வெல்வதற்கு ஒரு நல்ல வழி கிடைத்தால் அதற்குப் போதும். மற்றக் கிளைகளை வெட்டி எறிந்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். நமக்கு வேண்டியது நேர் எதிரான குணம். எல்லா நகர்வையும் ஒன்று விடாமல் சோதித்து, "இந்த ஒன்றுதான் சாவி" என்றோ, "மூன்று சாவிகள் இருக்கின்றன, ஐயா" என்றோ கணக்குக் காட்டும் கணக்குப்பிள்ளை வேண்டும்.

அந்தக் கணக்குப்பிள்ளையின் பெயர் பாப்பாய். புதிர் புனைபவர்களுக்காகவே 1980களில் பிறந்த இலவச நிரல் அது. திறந்த மூலம், இன்றும் பராமரிக்கப்படுகிறது. பாப்பாய்க்குப் படம் கிடையாது, எழுத்தில்தான் பேசும். எழுத்தைக் கண்டு மிரள்பவர்கள் ஆலிவ் என்ற இலவச முகப்பைச் சேர்த்து நிறுவிக்கொள்ளலாம். அதில் காய்களைச் சுட்டியால் பலகையில் வைத்து, நிபந்தனையை எழுதி, பொத்தானை அழுத்தினால் பாப்பாய் பின்னால் ஓடும். கார்ட்டூன் மாலுமி பாப்பாயின் காதலி பெயர் ஆலிவ். பெயர்ப் பொருத்தம் பார்த்து வைத்தவர் ரசிகராகத்தான் இருக்க வேண்டும். கஸ்டவ், வின்குளோயி என்று வேறு நிரல்களும் உண்டு. தொடங்குபவருக்கு பாப்பாயே தாராளம்.

எழுத்தில் உள்ளிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான் இதில் ஒரு மாலைப்பொழுதையே தொலைத்திருக்கிறேன். ஆங்கில ஆட்டக் குறிப்பில் குதிரைக்கு 'என்' என்ற எழுத்து. பாப்பாயில் குதிரைக்கு 'எஸ்'. குதிரையை ஜெர்மானியர் ஷ்பிரிங்கர் என்பார்கள். அந்த வழக்கம் புதிர் உலகில் நிலைத்துவிட்டது. 'என்' என்று அடித்தால் பாப்பாய் மறுக்காது. நைட்ரைடர் என்ற வேறொரு கற்பனைக் காயை வைத்துவிடும். அது ஒரே திசையில் குதிரைத் தாவல்களை அடுக்கிக்கொண்டே போகக்கூடிய பிராணி. விடைகள் பைத்தியக்காரத்தனமாக வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஒரு கருத்து

இங்கே கணினியை அணைத்து வைத்துவிடலாம். என்ன காட்ட வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய கருத்துகளைக் கற்றுக்கொள்வது நல்லது. அவற்றில் ஒன்றுக்கு நம் நாட்டின் பெயரே இருக்கிறது. இந்தியாவில் பாதிரியாராக இருந்த ஹென்றி லவ்டே என்ற ஆங்கிலேயர், 'ஷாகிர்த்' (மாணவன்) என்ற புனைபெயரில் தில்லியிலிருந்து ஒரு புதிரை லண்டனுக்கு அனுப்பினார். அது 1845இல் வெளிவந்தது. வெள்ளையின் தொலைவீச்சுக் காய் ஒன்று ஒரு கட்டத்தைத் தாண்டிப் பின்னால் போகும். இன்னொரு வெள்ளைக் காய் அந்தக் கட்டத்தில் வந்து நின்று வழியை மறைக்கும். அதனால் கறுப்பு ராஜாவுக்கு மூச்சு விட இடம் கிடைத்து, ஸ்டேல்மேட் தவிர்க்கப்படும். பிறகு மறைத்த காய் விலக, திறந்த வழியில் மேட். இன்றும் உலகம் முழுவதும் இதற்கு 'இந்தியன் தீம்' என்றுதான் பெயர்.

தொடங்குபவருக்கு இவ்வளவு பெரிய கருத்து வேண்டாம். நம் கருத்து இது: மூலையில் சொந்தச் சிப்பாயால் அடைபட்ட கறுப்பு ராஜாவைக் குதிரை மேட் செய்ய வேண்டும். பழைய சரக்குதான். பயிற்சிக்குப் பழையதே உத்தமம்.

மூன்றாம் படி: வைத்துப் பார், உடைத்துப் பார்

பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். நெடுவரிசைகளை இடமிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று சொல்கிறேன். கறுப்பு: ராஜா எச்8, சிப்பாய்கள் எச்7, எச்6. வெள்ளை: ராஜா எஃப்8, குதிரை சி4. வெள்ளை ஆடி இரண்டு நகர்வில் மேட்.

கறுப்பு ராஜா அசைய முடியாது. ஜி7, ஜி8 இரண்டையும் வெள்ளை ராஜா காக்கிறார். எச்7இல் சொந்தச் சிப்பாய். குதிரை எஃப்7இல் வந்து நின்றால் மேட். ஆக, குதிரை இப்போது ஒரு தாவல் தாவி எஃப்7ஐக் குறிவைக்கும் கட்டத்துக்குப் போக வேண்டும். கறுப்புக்கு எச்6 சிப்பாயை எச்5க்குத் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்து மேட். நான் முதலில் நினைத்த சாவி, குதிரை இ5.

நிபந்தனைப் பெட்டியில் # குறியும் 2 என்ற எண்ணும் இட்டு ஓட்டுங்கள். பாப்பாய் இரண்டு சாவிகளைக் காட்டும்: குதிரை இ5, குதிரை டி6. இரண்டும் எஃப்7ஐக் குறிவைக்கின்றன. இதோ உங்கள் முதல் கள்ளச்சாவி. வருத்தப்பட வேண்டாம். முதல் வரைவில் கள்ளச்சாவி இல்லாத புதிரை நான் இதுவரை புனைந்ததில்லை.

எப்படி அடைப்பது? புதியவர்கள் உடனே ஒரு சிப்பாயைக் கொண்டுவந்து டி6இல் நட்டுவிடுவார்கள். வீட்டில் ஓடு ஒழுகினால் கீழே வாளியை வைப்பது போன்ற வேலை அது. காய் கூடினால் அழகு குறையும். முதலில் இருக்கும் காயை நகர்த்திப் பாருங்கள். குதிரையை ஜி4க்கு மாற்றுங்கள். அங்கிருந்து டி6 எட்டாது, இ5 எட்டும். ஓட்டினால் ஒரே சாவி: குதிரை இ5. புதிர் சுத்தம்.

சுத்தம் என்பதால் நல்ல புதிர் ஆகிவிடுமா? பலகையில் மறுபடி பாருங்கள். ஜி4 குதிரை எச்6 சிப்பாயை வெட்டலாம். எச்6இலிருந்தும் எஃப்7ஐக் குறிவைக்கிறது. தீர்ப்பவரின் கை முதலில் அங்கேதான் போகும். ஆனால் அப்படி வெட்டினால் எச்7 சிப்பாயும் அடைபட்டு, கறுப்புக்கு நகர்வே இல்லாமல் ஸ்டேல்மேட். இந்தச் சின்னக் குறும்பு எனக்குப் பிடித்திருந்தது.

பிடித்ததால் கொஞ்சம் பேராசை வந்தது. கறுப்புக்கு ஏ7இல் ஒரு சிப்பாயைச் சேர்த்தால் பலகை ஒரு மூலையில் மட்டும் குவியாமல் இருக்குமே என்று நினைத்தேன். ஓட்டினால் மறுபடி இரண்டு சாவிகள். யோசித்தால் காரணம் புரியும். ஏ7 சிப்பாய்க்கு நகர்வு இருப்பதால் ஸ்டேல்மேட் போய்விட்டது. குதிரை எச்6ஐ வெட்ட, கறுப்பு ஏ6 ஆட, குதிரை எஃப்7 மேட். அப்பாவியாகத் தூரத்தில் நின்ற சிப்பாய் புதிரையே கவிழ்த்துவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும், எவ்வளவு சிறியதானாலும், மறுபடி ஓட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஏ7 சிப்பாயை எடுத்துவிட்டு, குதிரையை இ6க்கு மாற்றுங்கள். இம்முறை விருப்பத் தேர்வுகளில் 'வேரியேஷன்', 'டிரை' இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது கறுப்பின் பதில்களையும் மேட்களையும் விரித்துக் காட்டும். இரண்டாவது, கறுப்பின் ஒரே ஒரு பதிலால் மட்டும் தோற்கும் நகர்வுகளைக் காட்டும். அவைதான் தீர்ப்பவரை ஏமாற்றும் பொறிகள். இப்போது பாப்பாய் சொல்வது: சாவி குதிரை டி8. பொறி குதிரை ஜி5. அதுவும் எஃப்7ஐக் குறிவைக்கிறது, ஆனால் எச்6 சிப்பாய் குதிரையை வெட்டிவிடும். வேறு பதில் எதுவும் கறுப்பைக் காப்பாற்றாது.

ஜி4 வரைவைவிட இது எனக்கு உசத்தி. கறுப்பு ராஜாவை நெருங்கும் குதிரை தோற்கிறது. பலகையின் விளிம்புக்கு ஒதுங்கிப்போகும் குதிரை வெல்கிறது. இரண்டில் எது அழகு என்று பாப்பாய்க்குத் தெரியாது. அதற்கு இரண்டுமே 'ஒரே சாவி' என்ற ஒரே பதில்தான். இத்தனைக்கும் இதை எந்தப் பத்திரிகையும் வெளியிடாது. கறுப்புக்கு ஒரே பதில், வெள்ளைக்கு ஒரே மேட். பல கிளைகள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் தனி மேட் இருந்தால்தான் இரண்டு நகர்வுப் புதிர் நிமிர்ந்து நிற்கும். ஆனாலும் ஐந்தே காய்களில் கள்ளச்சாவி, அடைப்பு, பக்கவிளைவு, பொறி எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்க்க முடிகிறது.

வேலை முடிந்ததும் சிக்கனச் சோதனை. ராஜாக்களைத் தவிர ஒவ்வொரு காயாக எடுத்துவிட்டு ஓட்டுங்கள். எடுத்த பிறகும் புதிர் அப்படியே நின்றால் அந்தக் காய் தண்டச்சோறு. நம் புதிரில் எச்6 சிப்பாயை எடுத்தால் கறுப்பு எச்7ஐ நகர்த்தி ராஜாவுக்கு வழி விட்டுவிடும், மேட் கிடையாது. ஆகவே அது இருக்க வேண்டியதுதான்.

நீண்ட புதிர்களுக்கு அவசரப்பட வேண்டாம். குதிரையை ஏ1இல் வைத்து, ஐந்து தாவலில் எஃப்7க்குப் போகும் பாதைகளை எண்ணிப் பாருங்கள்.  ஒன்று இரண்டல்ல, பல பாதைகள். நகர்வு கூடக் கூடப் பாதைகள் பெருகும். பாதைகள் பெருகினால் கள்ளச்சாவிகளும் பெருகும். சோதனை நேரமும் அப்படியே ஏறும். இரண்டு நகர்வுக்கு நொடி போதும், சிக்கலான ஆறு நகர்வுக்கு இரவெல்லாம் கணினியை விழித்திருக்க வைக்க நேரலாம்.

பாப்பாய் பார்க்காதவை

நீங்கள் வைத்த நிலை ஓர் உண்மையான ஆட்டத்தில் வரக்கூடியதா என்று நிரல் கவலைப்படாது. நம் நிலையில் எச் வரிசையில் இரண்டு கறுப்புச் சிப்பாய்கள் இருக்கின்றன. ஜி7 சிப்பாய் எதையோ வெட்டி எச்6க்கு வந்தது என்று கொண்டால் சரியாகிவிடும். ஆனால் ஒரே வரிசையில் ஐந்து சிப்பாய்களை அடுக்கினால், அத்தனை வெட்டுகளுக்கு எதிராளியிடம் இழந்த காய்கள் இருக்கின்றனவா என்று நீங்கள்தான் எண்ண வேண்டும். ராஜாவும் யானையும் தொடக்கக் கட்டங்களில் இருந்தால் பாப்பாய் கோட்டை கட்டுவதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். புதிர் உலக வழக்கமும் அதுதான்: முடியாது என்று நிரூபிக்காத வரை கோட்டை கட்டலாம். இதை மறந்துவிட்டுக் கள்ளச்சாவி எங்கிருந்து வந்தது என்று தேடுபவர்கள் பலர். அண்டைச் சிப்பாயைக் கடந்து வெட்டும் 'ஆன் பாஸான்' விதிக்கு வழக்கம் தலைகீழ். முந்தைய நகர்வு அந்தச் சிப்பாய் இரண்டு கட்டம் முன்னேறியதாகத்தான் இருக்க முடியும் என்று நிரூபித்தால்தான் அனுமதி.

உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் புதிரைச் சரிபார்க்கக் கொடுக்காதீர்கள். இல்லாத காயை நகர்த்திவிட்டு மேட் என்று அடித்துச் சொல்லும். சந்தேகம் வந்தால் பாப்பாயைக் கேளுங்கள்.

இறுதிக்கட்டப் புதிர்கள்

"வெள்ளை ஆடி வெல்க" அல்லது "வெள்ளை ஆடி டிரா செய்க" என்று நகர்வு எண்ணிக்கை சொல்லாமல் வருபவை வேறு ரகம். இவற்றுக்கு பாப்பாய் உதவாது. இங்கே வேண்டியது டேபிள்பேஸ். பலகையில் ஏழு காய்கள் வரை இருக்கும் நிலைகளுக்கு முடிவு வெற்றியா, டிராவா என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த பெருங்களஞ்சியம் அது. ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிஸிஜி முறையில் ஏழு காய்க் களஞ்சியம் 2018இல் நிறைவடைந்தது. முழுவதையும் வீட்டில் வைக்கப் பல டெராபைட் இடம் வேண்டும். கவலையில்லை, லிசெஸ் தளத்தின் ஆய்வுப் பலகையில் நிலையை வைத்தால் இலவசமாகவே பதில் வரும்.

பழக, ரிச்சர்ட் ரெட்டி 1921இல் புனைந்த புகழ்பெற்ற நிலையை வையுங்கள். வெள்ளை: ராஜா எச்8, சிப்பாய் சி6. கறுப்பு: ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை ஆடி டிரா. வெள்ளை ராஜா கறுப்புச் சிப்பாயைத் துரத்திப் பிடிக்கவே முடியாது என்று தோன்றும். டேபிள்பேஸோ ராஜா ஜி7 ஒன்றை மட்டும் டிரா என்று காட்டும், மற்ற எல்லாம் தோல்வி. குறுக்காக நடக்கும் ராஜா இரண்டு வேலையை ஒரே நடையில் செய்கிறார். இப்படி ஒவ்வொரு வெள்ளை நகர்விலும் முடிவைக் காப்பது ஒன்று மட்டுமா என்று பார்த்துக்கொண்டே போவதுதான் சோதனை. ஏழுக்கு மேல் காய்கள் இருந்தால் ஸ்டாக்ஃபிஷுக்கு இங்கே வேலை உண்டு. ஒரே நேரத்தில் பல நகர்வுகளைக் காட்டும்படி அமைத்து, நீண்ட நேரம் ஓடவிட்டு, இரண்டாவது நகர்வும் வெல்கிறதா என்று பாருங்கள். அது சான்று அல்ல, பலமான சந்தேகம் மட்டுமே.

இரு தரப்பும் ஒத்துழைத்துக் கறுப்பை மேட் செய்யும் 'ஹெல்ப்மேட்' வகையைப் புதியவர்கள் சீக்கிரமே தொட்டுப் பார்க்கலாம். கறுப்பு முதலில் ஆடும். பாப்பாயின் நிபந்தனையில் # குறிக்கு முன்னால் ஆங்கிலச் சிறிய 'எச்' சேர்த்தால் போதும். 'இன்டெலிஜென்ட்' என்ற விருப்பத்தைப் போட்டால் நீண்டவையும் விரைவாக முடியும்.

யாராவது முந்திவிட்டார்களா?

புதிர் சுத்தமானதும் அனுப்பக் கை துடிக்கும். பொறுங்கள். சதுரங்கப் புதிர்கள் லட்சக்கணக்கில் வெளியாகியிருக்கின்றன. குறைந்த காய்களில் செய்வதை முன்பே யாரோ செய்திருக்க வாய்ப்பு அதிகம். ஜெர்மனியின் ஷ்வால்பே அமைப்பின் தரவுத்தளம், யாக்பிடிபி இரண்டும் இலவசம். காய்களின் இருப்பிடத்தைக் கொடுத்துத் தேடலாம். உங்கள் நிலையை மட்டும் தேடினால் போதாது. பலகையை இடவலம் புரட்டியும், ஒரு கட்டம் தள்ளியும் தேட வேண்டும். நம் ஐந்து காய்ப் புதிர் ராஜாக்கள் ஏ8, சி8இல் நின்றாலும் அதே புதிர்தான்.

வரைவுகளை அழிக்காதீர்கள். ஜி4, இ6, ஏ7 சிப்பாய் என்று ஒவ்வொன்றையும் தேதியிட்டு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பாப்பாய் ஒரு கோப்பிலேயே பல நிலைகளை அடுத்தடுத்துச் சோதிக்கும். ஒரு காயை நகர்த்தி அதையே இரண்டாம் புதிராகக் கேட்கும் 'ட்வின்' வசதியும் அதில் உண்டு. குதிரை ஜி4இல் இருந்தால் சாவி இ5, இ6இல் இருந்தால் சாவி டி8: இரண்டையும் சேர்த்து இரட்டைப் புதிராகக் கொடுத்தால் கொஞ்சம் சதை பிடிக்கிறது.

அனுப்புவதற்கு இடங்கள் உண்டு. 1918இல் தொடங்கிய பிரிட்டிஷ் சதுரங்கப் புதிர்ச் சங்கத்தின் தி பிராப்ளமிஸ்ட், ஜெர்மனியின் டி ஷ்வால்பே இரண்டும் உலகெங்கிலுமிருந்து வரும் படைப்புகளைப் பரிசீலிக்கின்றன. படம், நிபந்தனை, முழுத் தீர்வு, முக்கியப் பொறிகள் ஆகியவற்றோடு, கணினியால் சோதித்தாயிற்று என்பதற்கு அடையாளமாக ஆங்கில 'சி' எழுத்தையும் கூட்டல் குறியையும் போட்டு, எந்த நிரலில் சோதித்தீர்கள் என்றும் எழுதுங்கள். அனுப்புமுன் கடைசி வரைவை இன்னொரு முறை ஓட்டுங்கள். அந்தக் கூட்டல் குறியைப் போட்ட பிறகு நான் ஒரு சிப்பாயை "அழகுக்காக" ஒரு கட்டம் தள்ளி அனுப்பியிருக்கிறேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு வரி: என் புதிரின் இரண்டாவது சாவி.